சாட்சி சொன்னது எலி

'கருஞ்சீரகம், மாதுளை, தேன் சாப்பிட்டால் கீமோதெரபி கருவளத்தைத் தொடாது. ஆய்விலேயே நிரூபணமாகிவிட்டது' என்கிறார்கள். யாரிடம் நிரூபணமானது என்பதை மட்டும் சொல்வதில்லை. எலியிடம்.

அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சு. நலமாக இருக்கும் எலிக்கு சைக்ளோபாஸ்பமைடு போன்ற கீமோ மருந்தைக் கொடுப்பார்கள். கூடவே மூலிகைச் சாறு. சில வாரம் கழித்து விந்தகத்தை எடைபோட்டு, விந்தணுக்களை எண்ணுவார்கள். எலிக்குப் புற்றுநோயே கிடையாது. விந்தணுவைக் காத்த சாறு கட்டியையும் சேர்த்துக் காக்குமா என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தவர்களும் உண்டு. மனித மார்பகப் புற்றுக்கட்டி வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு, மஞ்சளில் உள்ள குர்குமினை உணவில் கலந்து கொடுத்தபோது, சைக்ளோபாஸ்பமைடால் கட்டி சுருங்குவது தடைபட்டது என்று 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. அதற்காகக் குழம்பு மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் எலியைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் இந்த எலியையும் கூண்டில் ஏற்றட்டும்.

'இயற்கைதானே, என்ன கெடுதல்?' என்பது அடுத்த வாதம். கீமோ மருந்தான வின்கிறிஸ்டினே நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்ததுதான்!

பெரிய கெடுதல், கைநழுவும் நாட்கள். விந்துவைத் திரவ நைட்ரஜனில் −196 டிகிரியில் உறையவைக்கலாம். கருமுட்டை சேகரிக்கச் சுமார் இரண்டு வாரம் போதும். இரண்டையும் கீமோ தொடங்கும் முன்பே செய்துவிட வேண்டும். மாதுளையை நம்பி அந்த நாட்களைக் கடத்தியவருக்கு யார் பதில் சொல்வது?

மாதுளையை ருசிக்குச் சாப்பிடுங்கள். கருவளத்தைப் பற்றி, முதல் ஊசிக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.