முதலாளியின் கடனும் காப்பீட்டுப் பத்திரமும்

கோவையில் கணபதி வட்டாரத்துச் சிறு பட்டறை ஒன்றில், பவர் பிரஸ்ஸுக்கு அடியில் தகட்டை வைத்தெடுக்கும் கை ஒரு கணம் பிந்தி, நான்கு விரல்கள் போய்விடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்காரர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார், வைத்தியச் செலவைக் கொடுக்கிறார், மனைவியின் கையில் சில ஆயிரங்களை வைக்கிறார், பிறகு, “இன்சூரன்ஸ் ஏதும் போடவில்லையேப்பா, இதற்குமேல் நான் என்ன செய்ய?” என்கிறார். அவர் கொடியவர் அல்லர். அவருக்கு அது மெய்யான சமாதானமாகவே படுகிறது. கேட்டுக்கொண்டு படுத்திருப்பவருக்கும் அப்படியே படுவதுதான் விபரீதம்.

வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த காயத்துக்கு நஷ்டஈடு தரும் கடமையை, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் முதலாளியின் தலைமீதே வைத்தது. காப்பீடு என்பது அந்தப் பாரத்தை அவர் கம்பெனி ஒன்றிடம் மாற்றிக்கொள்ளும் சௌகரியமேயன்றி, தொழிலாளியின் உரிமைக்கு அது நிபந்தனையன்று. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அதன் இடத்துக்கு வந்துவிட்டபோதிலும் இந்தத் தத்துவம் மாறவில்லை.

பழைய சட்டப்படியே கணக்கிடுவோம். முப்பது பிராயத்தவர், மாதக் கூலி 15,000 ரூபாய். அதில் அறுபது சதவீதத்தை அந்த வயதுக்குரிய 207.98 என்னும் எண்ணால் பெருக்கி, ஒரு கையின் நான்கு விரல்களுக்குச் சட்டத்தின் அட்டவணை விதிக்கும் ஐம்பது சதவீதத்தை எடுத்தால் 9,35,910 ரூபாய் வருகிறது. தாமதித்தால் ஆண்டுக்குப் பன்னிரண்டு சதவீத வட்டி. தகுந்த காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதி வரை அபராதமும் உண்டு.

ஒரிஸாவில் 1968இல், சினிமாக் கொட்டகை ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். ஒற்றைக் கையால் தச்சு வேலை நடவாதாகையால் அது பூரண ஊனமே என்றும், முதலாளியின் கடன் அதிகாரி உத்தரவிடும் நாளில் அன்று, காயம் பட்ட கணத்திலேயே பிறந்துவிடுகிறது என்றும் உச்சநீதிமன்றம் 1975இல் தீர்ப்பளித்தது.

ஆகவே செய்யவேண்டியது தொழிலாளர் துறை அதிகாரியிடம் மனுப்போடுவது. பழைய சட்டத்தில் அதற்கு இரண்டு ஆண்டு கெடு, தக்க காரணமிருந்தால் அதுவும் தளர்த்தப்படும். அரசு ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், செல்பேசியில் கூலி வந்த குறிப்பு, பக்கத்து மிஷினில் நின்றவரின் சாட்சியம் ஆகியவையே பிரமாணங்கள். ஒப்பந்தக்காரர் மூலம் சேர்ந்தவரானால், தம் தொழிலின் பகுதியான வேலையை அவரிடம் ஒப்படைத்த பிரதான முதலாளியையே கேட்கலாம். படுக்கையில் வாங்கிக்கொண்ட ‘இனி எந்தப் பாத்தியமும் இல்லை’ என்ற கையெழுத்து உரிமையை அழித்துவிடாது. வக்கீலுக்குப் பணமில்லையெனில், இலவசச் சட்ட உதவிக்குத் தகுதியானோர் பட்டியலில் தொழில்துறைத் தொழிலாளியும் இருக்கிறார்.

இவ்வளவு இருந்தும், உத்தரவு கிடைத்தபின் பட்டறை பூட்டிக் கிடந்தால் என்ன ஆகும்? நிலவரி பாக்கியைப்போல் வசூலிக்கலாம் என்கிறது சட்டம். வாடகை இடத்தில் கடனில் வாங்கிய மிஷினை வைத்திருப்பவரிடம் தாசில்தார் எதை ஜப்தி செய்வார்? பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள ஸ்தாபனங்களுக்கு 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டம் இதற்கு வழி கண்டிருந்தது: முதலாளி சந்தா கட்டாமல் ஏமாற்றியிருந்தாலும், கார்ப்பரேஷன் தொழிலாளிக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் பின்னர் வசூலித்துக்கொள்ளலாம். அதே முறையைச் சிறு பட்டறைகளுக்கும் நீட்டி, அவற்றின் உரிமப் புதுப்பிப்போடு ஒரு சிறு தொகையைக் கட்டாயமாக வாங்கி நிதியொன்று சேர்த்து, உத்தரவான தொகையை முதலில் அதிலிருந்து கொடுத்துவிடவேண்டும். பட்டறைக்காரரைத் தேடியலையும் வேலை, விரலிழந்தவருடையதாக இராமல் சர்க்காருடையதாக இருக்கட்டும்.