ஜடேஜாவுக்கு அழுதது போதும், பத்திரணவைப் பற்றிப் பேசுவோம்

போன நவம்பர் 15ஆம் திகதி எங்க விடுதி அறை செத்த வீடு மாதிரி இருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை வாங்கிவிட்டது. "கறிவேப்பிலை மாதிரி தூக்கி எறிஞ்சிட்டாங்க மச்சான்" என்றான் ஒருவன். இனி மஞ்சள் சட்டையே போடமாட்டேன் என்றான் இன்னொருவன்.

எனக்கும் வலிச்சதுதான். 2023 இறுதிப் போட்டியில கடைசி இரண்டு பந்துக்கு 10 ஓட்டம் தேவைப்பட்டபோது ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் அடிச்ச மனுசன். அதை யார் மறப்பாங்க?

ஆனா மறக்காம இருக்கிறது வேற, அணி நடத்துறது வேற. 2025இல சென்னை பத்தாவது இடம், அதாவது கடைசி. ஐ.பி.எல். வரலாற்றில் சென்னைக்கு இது முதல் தடவை. ஜடேஜாவுக்கு 37 வயசு. தோனிக்குப் பிறகு யார் கீப்பர் என்று வருசக்கணக்கா கேட்கிறோம். சாம்சன் கீப்பர், ஓபனர், அணித்தலைவராக இருந்து பழகியவர், வயசு 31. கணக்கு சரியாத்தான் வருது.

"தூக்கி எறிஞ்சாங்க" என்பதும் பிழை. ஐ.பி.எல்.லில் வீரர் சம்மதிக்காமல் இப்படி அணி மாற்ற முடியாது. அநியாயமான மாற்றம் எப்படியிருக்கும் என்று தெரியணும்னா அமெரிக்கக் கூடைப்பந்தைப் பாருங்க. 2025 பெப்ரவரியில டல்லாஸ் மேவரிக்ஸ், 25 வயசு லூகா டொன்சிச்சை அவருக்கே தெரியாமல் லேக்கர்ஸுக்கு மாற்றியது. ரசிகர்கள் மைதானத்துக்குள்ளேயே கோஷம் போட்டார்கள். அந்த முடிவை எடுத்த நிக்கோ ஹாரிசனின் வேலை நவம்பரில் போனது. இளம் வயசுத் திறமையைக் கைவிட்டதுக்குத்தான் அந்தக் கோபம்.

இப்ப நம்ம பக்கம் வாங்க. அதே நவம்பர் 15ஆம் திகதி சென்னை இன்னொருவரையும் விட்டது. மதீஷ பத்திரண. கண்டி திரித்துவக் கல்லூரியில் படிச்சவன், அப்ப 22 வயசு. ஜடேஜாவுக்குப் பதிலா ஒரு சாம்சன் வந்தார். பத்திரணவுக்குப் பதிலா ஆளே வரல. அவனுக்குக் கொடுத்த 13 கோடி இந்திய ரூபாய்தான் மிச்சம். ஒரு மாசம் கழிச்சு ஏலத்தில் கொல்கத்தா 18 கோடிக்கு அவனை எடுத்தது. அதே ஏலத்தில் சென்னை, இன்னும் சர்வதேசப் போட்டி ஆடாத இரண்டு பையன்களுக்குத் தலா 14.2 கோடி கொடுத்தது.

2025இல அவன் சரியாப் போடல, உண்மை. ஓவருக்கு 10 ஓட்டத்துக்கு மேல கொடுத்தான். ஆனா 2023இல 19 விக்கெட் எடுத்து கோப்பைக்கு வழி செய்தவனும் அவன்தான். ஒரு மோசமான சீசனுக்காக 22 வயசுக்காரனை விடுறது புத்திசாலித்தனமா?

எங்க அறையில ஒருத்தரும் இதைக் கேட்கல. எனக்குக் கோபம் அதுலதான்.

2013இல இலங்கை வீரர்கள் சென்னையில் ஆட முடியாமல் போனது. நுவன் குலசேகரவும் அகில தனஞ்சயவும் சென்னை அணியிலேயே இருந்தும் சேப்பாக்கத்தில் இறங்கவில்லை. அன்றைய கோபத்துக்குக் காரணம் இருந்தது, அதை நான் சின்னதாக்க மாட்டேன். பத்து வருசம் கழிச்சு அதே மைதானம் ஒரு கண்டிப் பையனுக்கு விசில் அடிச்சது. இங்க எங்க விடுதியில் பக்கத்து அறைச் சிங்களப் பையன்கள் மஞ்சள் அணிக்காக எங்களோட ஒரே ஃபோனை எட்டிப் பார்த்தாங்க. யோர்க்கர் விழுந்தா எல்லாரும் சேர்ந்துதான் கத்தினோம். எந்த நல்லிணக்கக் கருத்தரங்கும் எங்களை அப்படிக் கத்த வைக்கல.

இதையெல்லாம் சென்னை நிர்வாகம் கணக்கில் எடுக்கணும்னு நான் கேட்கல. அது வியாபாரம். ஆனா நாம எடுக்கலாமே. குஜராத்காரருக்காக ஒரு கிழமை சோகம் காத்த நாம, பஸ்ல அரை மணித்தியாலத் தூரத்தில் வளர்ந்தவனுக்காக ஒரு வார்த்தை பேசல. கொல்கத்தா ஆட்டத்துக்கு அந்தப் பக்கத்து அறைக்காரங்களைத் திரும்பக் கூப்பிடப் போறேன். மஞ்சள் சட்டை போட்டுக்கிட்டே.