சாலைக் கடைத்தெருவுக்கு எந்தப் பசுமைச் சான்றிதழ்?

புதுதில்லி: எரிசக்தி சேமிப்புத் திருத்த மசோதா 2022 ஆகஸ்ட் 8-இல் மக்களவையிலும், டிசம்பர் 12-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியபோது அனைவரது கவனத்தையும் ஈர்த்தது கார்பன் வர்த்தகம்தான். கட்டடங்கள் பற்றிய பிரிவு அதன் நிழலில் ஒதுங்கிவிட்டது. 2023 ஜனவரி 1-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வணிகக் கட்டடங்களோடு அலுவலகங்களும் குடியிருப்புகளும் அதன் வரம்புக்குள் வந்தன. ஆனால், 100 கிலோவாட் மின்இணைப்புச் சுமை அல்லது 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவை என்பதே குறைந்தபட்ச அளவுகோல்.

இந்த அளவுகோலைத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் வைத்துப் பார்த்தால் சிக்கல் புரியும். பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை இது. கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் இத்தெருவில் தமிழ் வணிகர்கள் தலைமுறைகளாக வேரூன்றியுள்ளனர். இங்கேயே கடை நடத்தியபடி எழுதிய ஆ. மாதவனின் கதைகள் வழியாகவும் தமிழ் வாசகர்கள் இதை அறிவர். இத்தகைய கடைத்தெருக்களில் முன்புறம் கடை, பின்புறம் கிடங்கு, மாடியில் தையலகம் அல்லது குடும்பம் என்று ஒரே கட்டடம் பல வேலை செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி மின்மீட்டர். எந்த மீட்டரும் 100 கிலோவாட்டின் அருகில்கூட வராது.

சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் எஞ்சுவது விருப்பச் சான்றிதழ் மட்டுமே. கடை எந்த வகை, குடியிருப்பு எந்த வகை என்ற குழப்பம் அங்கேயும் தொடர்கிறது. அமெரிக்கப் பசுமைக் கட்டடக் கவுன்சிலின் 'லீட்' முறை இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. தளப்பரப்பில் 60 சதவீதத்துக்கு மேல் ஒரே பயன்பாடாக இருந்தால் அதற்குரிய பிரிவில் விண்ணப்பிக்க வேண்டும். 40 சதவீதத்துக்குக் குறைந்தால் அப்பிரிவு கூடாது. இடைப்பட்டதை விண்ணப்பதாரரே தீர்மானிக்கலாம். இயங்கும் கட்டடங்களுக்கான பிரிவில் முழுக் கட்டடத்தின் ஓராண்டு மின்சார, தண்ணீர்க் கணக்கும் தேவை. வாடகைதாரர் ஒவ்வொருவரும் தம் ரசீதைத் தந்தால்தான் அது நடக்கும்.

ஹைதராபாதைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பசுமைக் கட்டடக் கவுன்சிலும், 2007-இல் தேசியத் தரமுறையாக ஏற்கப்பட்ட 'கிரிஹா'வும் பழைய கட்டடங்களுக்குத் தனிப்பிரிவு வைத்துள்ளன. பி.இ.இ. எனப்படும் எரிசக்தித் திறன் அமைப்பு 2009-இல் தொடங்கிய நட்சத்திரத் தரமுறை இவற்றில் எளிமையானது. சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவு என்ற ஒரே கேள்விதான். எனினும் முதலில் அலுவலகங்களுக்கென வகுக்கப்பட்ட அம்முறையும் 100 கிலோவாட் வாசலில்தான் நிற்கிறது.

வெற்றிக்கதைகள் இல்லாமலில்லை. மும்பையில் 1972-இல் கட்டப்பட்ட கோத்ரெஜ் பவன் 2010-இல் சீரமைக்கப்பட்டது. செலவான சுமார் 54 லட்ச ரூபாய் மின்சாரச் சேமிப்பிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும் என்று கணக்கிடப்பட்டது. ஆனால் அது ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமான அலுவலகம். முதலீடு செய்பவரும் மின்கட்டணம் செலுத்துபவரும் ஒருவரே. கடைத்தெருவில் கூரையைச் சீரமைக்கும் செலவு உரிமையாளருக்கு, குறையும் கட்டணம் வாடகைதாரருக்கு. எந்தச் சான்றிதழும் இந்த முடிச்சை அவிழ்ப்பதில்லை.

மற்றொரு முரணும் உண்டு. தில்லி ஜோர்பாகில் 2014-இல் திறக்கப்பட்ட இந்திரா பர்யாவரண் பவன் போன்ற புதிய கட்டடம் வரைபட நிலையிலேயே உயர்ந்த தரத்தைத் திட்டமிட முடியும். ஓட்டுக் கூரையும் தடித்த சுவரும் கொண்ட பழைய கட்டடமோ, மீண்டும் சிமென்டும் எஃகும் செலவழிக்காமல் நிற்பதற்காகவே மதிப்புப் பெற வேண்டியது. அதை இடித்து, கண்ணாடி முகப்புடன் எழுப்பினால் பட்டயம் எளிதாகிவிடும் என்ற நிலை விரும்பத்தக்கதல்ல.

ஆகவே, வெளிநாட்டு நிறுவனம் வாடகைக்கு வரும் வளாகத்துக்கு 'லீட்' பயன்படலாம்; ஒரே உரிமையாளர் கொண்ட நடுத்தரக் கட்டடத்துக்கு உள்நாட்டு முறைகளே போதும். சாலை போன்ற தெருவில் உள்ள சிறு கட்டடத்துக்கு இப்போதைக்குப் பட்டயத்தைவிட, மாடிவாரியாக ஓராண்டு மின்கணக்கு எடுப்பதே பயன் தரும். 100 கிலோவாட் வரம்பைக் குறைக்கும் அதிகாரத்தைத் திருத்தச் சட்டம் மாநில அரசுகளுக்கு அளித்துள்ளது. வரம்பு குறைந்தாலும், அதை ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனியாகப் பார்ப்பதா, கட்டடம் முழுமைக்கும் சேர்த்துப் பார்ப்பதா என்பதைப் பொருத்தே சாலையின் கடைகள் சட்டத்தின் கண்ணில் படும். சென்னை ரங்கநாதன் தெருவுக்கும் இது பொருந்தும்.