கோட்டுக்குள் விழுந்தவனுக்கு யார் ஜவாப்தாரி?

2022-ம் ஆண்டு ஜூலை மாதம் கடலூர் மாவட்டம் பண்ருட்டி பக்கத்திலுள்ள மானடிக்குப்பம் கிராமத்தில் ஒரு கபடிப் பந்தயம் நடந்தது. பாடிக்கொண்டு போன ஓர் இளைஞனை எதிர் அணியினர் மடக்கினார்கள். அவன் துள்ளி விழுந்தான். அவன் மேல் விழுந்தவரின் முழங்கால் மார்பில் பட்டது. எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள். அவன் கல்லூரி மாணவன். அவன் வாங்கிய கோப்பையையும் பிரேதத்தோடு சேர்த்துப் புதைத்தார்கள். அந்தக் காட்சியைத் தமிழ்நாடு முழுவதும் செல்போனில் பார்த்தோம். அதன் பிறகு எல்லோரும் சொன்ன சொல் ‘வீர மரணம்’.

இந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை, தோழர்களே. மில்லில் இயந்திரத்தில் கை போனால் ‘விதி’ என்பார்கள். வயலில் பாம்பு கடித்துச் செத்தால் ‘நேரம்’ என்பார்கள். சடுகுடு ஆடிச் செத்தால் ‘வீரம்’ என்கிறார்கள். மூன்றும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. யார் ஜவாப்தாரி என்ற கேள்வியை வாயில் வரவொட்டாமல் அடைத்துவிடுகின்றன. அந்தப் பையனைப் பிடித்தவர் கொலைகாரர் அல்ல. பிடிப்பதுதான் ஆட்டம். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் தப்பு. நாம் பேச வேண்டியது ஆட்டத்தை நடத்துகிறவர்களைப் பற்றி.

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களிலும், சுற்றியுள்ள கிராமங்களின் சேரிகளிலும், காலனிகளிலும் கபடி ஆடாத பையன் அபூர்வம். பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், சப்பாத்து வேண்டாம். சுண்ணாம்புக் கோடு போட ஒரு களம் இருந்தால் போதும். ஏழையின் ஆட்டம் என்று இதைச் சொல்வதற்கு அதுவே காரணம். ஆனால் ஏழை இதில் எதை முதலாகப் போடுகிறான்? தன் உடம்பை. அந்த உடம்பேதான் அவனுக்கு மறுநாள் கூலியும்.

பட்டுத் தறி தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குழித்தறியில் உட்கார்ந்து மிதிக்க இரண்டு முழங்காலும் வேண்டும். அறுந்த இழையைப் பிணைக்க விரல் வேண்டும். முழங்காலில் தசைநார் அறுந்தவன் எத்தனை மாதம் தறியில் இறங்காமல் இருப்பான்? அவனுக்காக முதலாளி காத்திருப்பாரா? முன்பணக் கடன் காத்திருக்குமா? கோர்வைச் சேலை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போடும் ஆளுக்கும் அன்றைய வேலை கிடையாது. ஒரு பிடியில் இரண்டு வீட்டு அடுப்பு அணைகிறது. நாற்று நடுகிறவர்களுக்கும், மூட்டை தூக்குகிறவர்களுக்கும் கணக்கு இதேதான். வெள்ளைச் சட்டைக்காரர் கால் ஒடிந்தால் மெடிக்கல் லீவு. நம்மவர் கால் ஒடிந்தால் மனைவியின் தாலி அடகுக் கடைக்குப் போகிறது.

‘அப்படியானால் கபடியைத் தடை செய்துவிடலாமே’ என்று சில அதிகாரிகள் நினைக்கிறார்கள். சட்டம் ஒழுங்கு என்று சொல்லிப் போலீஸ் அனுமதி மறுப்பதும், ஊர்க்காரர்கள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் உத்தரவு வாங்குவதும் வழக்கமாகவே ஆகிவிட்டது. தடை நமது கோரிக்கை அல்ல. சென்னை நகரத்துக்குள்ளிருந்து குடிசைகளைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கொட்டிய கண்ணகி நகரிலிருந்து கார்த்திகா என்ற பெண் எழுந்து, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். இந்த ஆட்டத்தை ஏழைகளிடமிருந்து பிடுங்க எவனுக்கும் உரிமை இல்லை. உயிரோடும் முழு உடம்போடும் ஆடுவதற்கு வழி செய்யுங்கள் என்பதே நாம் கேட்பது.

சட்ட புத்தகத்தில் குறை ஒன்றும் பெரிதாக இல்லை. பாடுகிறவனின் வாயைப் பொத்தக் கூடாது. காலைக் கத்தரிக்கோல் போலப் பின்னி மடக்கக் கூடாது. ஆபத்தான முரட்டுப் பிடி கூடாது. நகம் வெட்டியிருக்க வேண்டும், உடம்பில் எண்ணெய் தடவக் கூடாது. பச்சை அட்டை என்றால் எச்சரிக்கை, மஞ்சள் என்றால் இரண்டு நிமிஷம் வெளியே, சிவப்பு என்றால் ஆட்டத்தை விட்டே வெளியே. ஒரு ரெஃபரி, இரண்டு அம்பயர், இவர்கள் போக ஸ்கோர் எழுதுகிறவர்கள். எல்லாம் எழுதியிருக்கிறது. அந்தச் சிவப்பு அட்டையை எடுக்கும் தைரியம் யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கிராமப் பந்தயத்தில் அம்பயர் யார் என்று பாருங்கள். பழைய ஆட்டக்காரர், அல்லது உடற்பயிற்சி வாத்தியார். படியும் சாப்பாடும் கொடுத்து அழைத்து வந்தவர் பந்தயக் கமிட்டிக்காரர். கமிட்டிக்குப் பணம் கொடுத்தவர் ஊர்ப் பெரிய மனிதர், ஒப்பந்தக்காரர், ரியல் எஸ்டேட்காரர். அவருடைய படம்தான் ஃபிளெக்ஸில் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அவருடைய ஊர் அணிக்கு எதிராக விசில் ஊதிவிட்டு அந்த அம்பயர் பஸ் ஏறி வீடு போய்ச் சேர வேண்டாமா? சம்பளம் கொடுக்கிறவனே சட்டத்தையும் கையில் வைத்திருந்தால் நியாயம் எந்தப் பக்கம் சாயும் என்பதை ஃபாக்டரியில் விசாரணைக் கமிட்டி பார்த்த தொழிலாளிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெரிய இடங்களிலும் சங்கதி மேலாக இல்லை. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்ஜோ நகரத்தில் ஆசிய விளையாட்டின் ஆடவர் இறுதி ஆட்டம். இந்தியாவும் ஈரானும் சமநிலையில் நிற்கும்போது பவன் செஹ்ராவத் பாடிப் போய் யாரையும் தொடாமல் பக்கக் கோட்டைத் தாண்டினார். ஈரான்காரர்களும் அவரைத் தொடர்ந்து தாண்டினார்கள். எந்த விதியைப் பிடிப்பது, பழையதையா புதியதையா? தீர்ப்பு மாறி மாறி வந்தது. இரண்டு அணிகளும் களத்தில் உட்கார்ந்துவிட்டன. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் 33–29 என்று இந்தியா ஜெயித்தது. தங்கம் நமக்கு வந்தது சந்தோஷம்தான். ஆனால் எந்த விதிப்படி ஆடுகிறோம் என்பதே இறுதி ஆட்டத்தில் நிச்சயமில்லை என்றால், மானடிக்குப்பத்து அம்பயரை நாம் என்ன சொல்ல?

2025 ஜனவரியில் பஞ்சாபின் பட்டிண்டாவில் பல்கலைக்கழகப் பெண்கள் கபடி நடந்தது. நம் அன்னை தெரசா பல்கலைக்கழகப் பெண்கள் தர்பங்கா அணியோடு ஆடினார்கள். முரட்டுப் பிடி பற்றி முறையிட்டார்கள். முறையீட்டுக்குப் பதிலாக அடிதடியும் நாற்காலி வீச்சும் கிடைத்தன. அம்பயரே கை நீட்டினார் என்றும் புகார் வந்தது. முறையிடுகிறவருக்கு அடி என்றால் அங்கே சட்டம் செத்துவிட்டது என்று பொருள்.

நடுவர் தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய சாட்சி கல்கத்தா. 1980 ஆகஸ்ட் 16-ந் தேதி ஈடன் கார்டனில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதிய கால்பந்தாட்டத்தில் முரட்டு ஆட்டம் கைகலப்பானது, கைகலப்பு காலரிக்குப் பரவியது, நெரிசலில் 16 ரசிகர்கள் மாண்டார்கள். அங்கே அப்போது இடதுசாரிகள் ஆட்சி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பாடம் யாருக்கும் பாடம்தான். எங்கள் ஊர் வரதராஜப் பெருமாள் கோயிலில் வடகலையும் தென்கலையும் யார் முதலில் பாசுரம் பாடுவது என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடுகிறார்கள். அங்கே நடுவர் வேலையைக் கோர்ட்டே பார்க்கிறது. படித்தவர்களுக்கே இவ்வளவு காலம் ஆகிறது!

கபடி நிர்வாகத்தின் உச்சியில் யார் இருந்தார்கள்? அகில இந்திய அமெச்சூர் கபடி சம்மேளனத்தில் ஜனார்தன் சிங் கெலாட் என்பவர் 28 வருஷம் தலைவர். அவருக்குப் பிறகு தலைவர் அவர் மனைவி. 2018-ல் டெல்லி உயர்நீதிமன்றம் தலையிட்டு நிர்வாகியை நியமித்தது. 2025-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்ட பிறகே தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவிடம் பொறுப்பு வந்தது. ஜமீன் பட்டா போல ஒரு ஆட்டத்தையே எழுதி வைத்துக்கொண்டிருந்த காலத்தில் ஆட்டக்காரனின் முழங்காலைப் பற்றி யார் யோசிப்பார்கள்? இடையில் 2014-ல் டெலிவிஷன் கம்பெனிகளோடு புரோ கபடி வந்தது. ஆட்டக்காரர்களை ஏலம் போட்டார்கள். ஏலம் போகாத லட்சம் பேர் இன்னமும் மண்ணில்தான் விழுகிறார்கள். பஞ்சாபிலோ பணம் துப்பாக்கியையே கொண்டுவந்தது. 2022 மார்ச்சில் ஜலந்தர் மாவட்டத்தில் பந்தயம் நடக்கும் இடத்திலேயே சந்தீப் நங்கல் அம்பியான் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நமது தென் மாவட்டங்களில் துப்பாக்கி இல்லை, அரிவாள் இருக்கிறது. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் பரீட்சை எழுதப் பஸ்ஸில் போன தலித் மாணவன் ஒருவனைக் கீழே இறக்கி விரல்களை வெட்டினார்கள். கபடியில் அவன் அணி ஜெயித்ததைப் பொறுக்காத ஆத்திரம் என்று செய்தி வந்தது. களத்தில் ஏழு பேருக்கு ஏழு பேர், எல்லோரும் சமம். கோட்டைத் தாண்டியவுடன் சாதி வந்து நிற்கிறது. இந்தக் குற்றத்துக்கு எந்த அம்பயரும் அட்டை காட்ட முடியாது. சாதிப் பெயரில் அணி, சாதி நிறத்தில் பனியன், சாதித் தலைவர் படம் போட்ட ஃபிளெக்ஸ் என்று கமிட்டிகள் அனுமதிக்கிற ஒவ்வொன்றும் அந்த அரிவாளுக்குச் சாணை பிடிக்கிறது.

பணக்கார தேசங்களில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவில் பதினெட்டு பேர் ஆடும் ஒரு முரட்டுக் கால்பந்து இருக்கிறது. அதன் பெரிய லீகில், அடித்தவனைக் களத்தை விட்டு வெளியேற்ற அம்பயருக்கு அதிகாரமே இல்லை. புகார் எழுதி வைப்பார், விசாரணை பிறகு. 1985-ல் லீ மாத்யூஸ் என்ற நட்சத்திரம் எதிரணி நெவில் புரூன்ஸின் தாடையை உடைத்தார். அம்பயர் கண்ணில் அது படவில்லை. லீக் நான்கு வாரம் தள்ளி வைத்தது, போலீசும் வழக்குப் போட்டது. பல வருஷம் தலையில் அடி வாங்கி மூளை கெட்ட பழைய ஆட்டக்காரர்கள் 2023-ல் லீகின் மேலேயே கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். ஆனால் ஒரு வித்தியாசம்: அங்கே ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் இருக்கிறது. தலையில் அடிபட்டு மயங்கியவர் குறைந்தது 12 நாள் ஆடக் கூடாது என்று 2021 முதல் விதி இருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? முகத்தில் தண்ணீர் தெளித்து, கண் திறந்தவுடன் முதுகில் தட்டி, ‘போடா சிங்கம்’ என்று மறுபடி அனுப்புகிறோம். கழுத்தில் அடிபட்டவனைக் கையும் காலும் பிடித்துத் தூக்குகிறோம். தூக்குகிற விதத்திலேயே ஆயுள் முழுவதும் படுக்கையில் போட்டுவிடலாம் என்பது தெரியாமல்.

ஜல்லிக்கட்டைப் பாருங்கள். அதற்கு விதிகள் இருக்கின்றன. காளைக்கு டாக்டர் பரிசோதனை, பிடிக்கிறவருக்கும் பரிசோதனை, தடுப்பு வேலி, ஆம்புலன்ஸ், இத்தனையும் இருந்தால்தான் கலெக்டர் அனுமதி. அவ்வளவு இருந்தும் சாவு நிற்கவில்லை என்பது வேறு கதை. கபடிக்கு அந்த மாதிரிச் சட்டம் இல்லை. வழக்குப் போட்டு உத்தரவு வாங்கும்போது கோர்ட்டு விதிக்கிற நிபந்தனைகள்தான். மாட்டுக்குக் கிடைத்த டாக்டர் மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

அடிபட்டவர்களுக்கு ஒரு தகவல். ஈ.எஸ்.ஐ. பதிவுள்ள மில், ஃபாக்டரித் தொழிலாளி விளையாடும்போது அடிபட்டாலும் நோய்க்கால உதவி உண்டு. சந்தா நாட்கள் சரியாக இருந்தால் வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம். விளையாட்டில் பட்ட காயம் என்று மேஸ்திரி மிரட்டினால் பயப்பட வேண்டாம், டாக்டர் சர்டிபிகேட் வாங்கிச் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். நெசவாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் இது கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை ஆபரேஷன் செலவைத் தாங்கலாம், போன கூலியைத் தராது. பந்தயக் கமிட்டிதான் இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டும், சர்க்கார் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

பொங்கல் பந்தயத்துக்கு ஒவ்வொரு ஊரிலும் கமிட்டி கூடும். நம் வாலிபர் சங்கத் தோழர்கள் அதில் போய் உட்கார வேண்டும். ஃபிளெக்ஸுக்கு எவ்வளவு, ஒலிபெருக்கிக்கு எவ்வளவு, டாக்டருக்கும் ஆம்புலன்ஸுக்கும் எவ்வளவு என்று கணக்குப் புத்தகத்தைத் திறந்து கேளுங்கள். வெளியூர் அம்பயரை இரண்டு அணிகளும் சேர்ந்து ஒப்புக்கொண்டார்களா, அவர் படியை ஆட்டத்துக்கு முன்பே கொடுத்தாகிவிட்டதா, சிவப்பு அட்டை காட்டினால் அவரைப் பத்திரமாகப் பஸ் ஏற்றிவிடப் போவது யார் என்றும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்தக் களத்தில் நம் அணி இறங்காது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.