அரிசி எல்லை தாண்டியது, பருப்பு?

ஊத்துக்கோட்டையில் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் சுருட்டப்பள்ளி வந்துவிடும். ஈசன் நஞ்சுண்டு பள்ளி கொண்டதாகச் சொல்லப்படும் அந்தத் தலத்திலேயே ஆந்திர மாநிலம் தொடங்கிவிடுகிறது. அதே சாலையில் மேலே போனால் நாகலாபுரம். பிழைப்பைத் தேடி இந்த எல்லையைத் தாண்டி வந்திருக்கும் தமிழர்கள் பலர். கட்டட வேலை, கடை வேலை, புத்தூர், நகரி பக்கம் தறி வேலை, சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளில் வேலை, கணக்கெழுதும் வேலை என்று அவர்கள் பிழைப்பு பல வகை. சம்பளம் வந்ததும் வாடகைக்கு ஒரு பங்கு, ஊருக்கு அனுப்ப ஒரு பங்கு, பஸ்ஸுக்கு ஒரு பங்கு என்று பிரித்த பிறகு மிஞ்சுவதுதான் சாப்பாட்டுக்கு.

வாடகையைக் குறைக்க முடியாது. ஊருக்கு அனுப்புவதைக் குறைக்க மனம் வராது. குறைக்க முடிந்தது வயிறு ஒன்றுதான். ஆகவே காலையில் டீயும் பன்னும், மதியம் சோறும் ரசமும், இரவில் மறுபடியும் சோறு, இல்லையென்றால் பரோட்டா என்று பொழுது போகிறது. வயிறு நிறைகிறது. ஆனால் உடம்பில் தெம்பு சேர்வதில்லை.

2019-21 ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் ரத்த சோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம், ஆந்திரத்தில் 58.8 சதவீதம். இரண்டுமே பசியை ஓட்டுவதில் நாட்டுக்கு வழி காட்டிய மாநிலங்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1983-ல் என்.டி.ராமராவ் கிலோ 2 ரூபாய்க்கு அரிசி கொடுத்தார். அப்படிப்பட்ட இரண்டு மாநிலங்களிலும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தம் குறைவாக இருப்பதற்குக் காரணங்கள் பல உண்டு. அரிசி வந்து சேர்ந்த அளவுக்கு மற்றவை தட்டுக்கு வந்து சேரவில்லை என்பது அவற்றில் முக்கியமானது.

கையில் உள்ள உரிமை

முதலில் அரிசிக் கணக்கு. 2013-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமை அட்டை உள்ள குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் உண்டு. 2023 ஜனவரி முதல் அது இலவசம். 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் ஆந்திரமும் தெலங்கானாவும் 2019 ஆகஸ்டிலேயே சேர்ந்துவிட்டன. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. எனவே ஆதார் இணைத்த தமிழ்நாட்டு அட்டைக்காரர், நாகலாபுரத்து ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்துத் தம் அரிசியை வாங்கலாம். ஊரில் உள்ள குடும்பம் தன் பங்கை அங்கே வாங்கிக்கொள்ள, இங்கே இருப்பவர் தன் பங்கை இங்கே பெறலாம்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் எல்லாருக்கும் ரேஷன் அட்டை இருக்கிறது; ஆனால் எல்லா அட்டையும் எல்லை தாண்டாது. அட்டையில் 'பி.எச்.எச்.' என்று குறிப்பு இருந்தால் அது மத்தியச் சட்டத்தின் கீழ் வருவது. அந்தியோதயா அட்டையும் அப்படியே. 'என்.பி.எச்.எச்.' என்று இருந்தால் அந்த அரிசி தமிழ்நாடு அரசு தன் செலவில் கொடுப்பது. அதை இங்கே கேட்க முடியாது. இந்த வேறுபாடு தெரியாமல் கடையில் போய் நின்று, 'உங்களுக்கு இல்லை' என்ற பதிலைக் கேட்டுத் திரும்புகிறவர்கள் ஒரு புறம். உரிமை இருந்தும் கேட்காமலே வெளிச்சந்தையில் அரிசி வாங்குகிறவர்கள் மறுபுறம். ஆகவே அட்டையை எடுத்துப் பார்ப்பதுதான் செலவில்லாத முதல் வேலை.

5 கிலோ என்றால் நாளுக்கு 166 கிராம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, அதிக உடலுழைப்பு இல்லாதவருக்கு நாளொன்றுக்கு 250 கிராம் தானியம் போதும் என்கிறது. அதாவது தேவையில் மூன்றில் இரண்டு பங்கு காசில்லாமல் கிடைத்துவிடுகிறது. மூட்டை தூக்குகிறவருக்கும் சாந்து கலக்குகிறவருக்கும் இன்னும் கொஞ்சம் தேவைப்படும்.

அதே வழிகாட்டி பருப்பு வகைகள் 85 கிராம், கீரை உட்படக் காய்கறி 400 கிராம், பால் 300 மில்லி என்றும் சொல்கிறது. 85 கிராம் என்பது மாதத்துக்கு ஆளுக்கு இரண்டரை கிலோ. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 10 கிலோ! மளிகைக் கடைக் கணக்கு நோட்டைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்யும் எந்தக் குடும்பத் தலைவியும் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார். தமிழ்நாட்டு ரேஷன் கடையில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம் பருப்பு எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. லிட்டர் 25 ரூபாய் பாமாயிலும் அப்படியே. அரிசியை மட்டும்தான் சட்டம் எல்லை கடத்திக் கொண்டுவந்து சேர்க்கிறது.

குன்னூர் சொன்ன பாடம்

அரிசி மட்டும் போதாது என்பது இந்தப் பகுதிக்குப் புதிய செய்தி அல்ல. 1918-ல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி ஆராயத் தொடங்கினார். நரம்பைத் தளர்த்தி, காலை வீங்கவைத்து, கடைசியில் இதயத்தையே தாக்கும் நோய் அது. பழைய சென்னை மாகாணத்தில் அது பெரும்பாலும் வடசர்க்கார் ஜில்லாக்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் இருந்தது. அங்கே மில்லில் வெள்ளை வெளேர் என்று தீட்டிய பச்சரிசியை உண்டார்கள். தெற்கே தமிழர்கள் புழுங்கல் அரிசி உண்டார்கள், தப்பித்தார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள 'பி' வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதே அதன் ரகசியம்.

குன்னூரின் அந்தச் சிறிய ஆய்வுக்கூடம் வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்குப் போனது. அதுதான் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். சேலத்தில் பிறந்த டாக்டர் சி.கோபாலன் அதன் இயக்குநராக இருந்தவர். தானியமும் பருப்பும் சேர்ந்த சாதாரணச் சாப்பாட்டைக் குழந்தை வயிறாரச் சாப்பிட்டாலே புரதத் தேவை பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பது அவரும் அவருடன் உழைத்தவர்களும் வற்புறுத்திய கருத்து. டப்பாவில் வரும் சத்துப் பவுடருக்குச் சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் பெற்றோர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்தப் பாடத்தின்படி சமையலறையில் செய்யக் கூடியவை சில. அரிசியை வெள்ளைத் தண்ணீர் நிற்கும் வரை ஏழெட்டு முறை களைய வேண்டாம். இரண்டு முறை போதும். வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றாமல் உப்புப் போட்டுக் குடிக்கலாம், அல்லது குழம்பில் சேர்க்கலாம். ரேஷன் அரிசியில் சற்று வேறு நிறத்தில் தெரியும் மணிகளைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிறவர்களும் உண்டு. அது பிளாஸ்டிக் அல்ல. இரும்புச் சத்து, போலிக் அமிலம், பி12 ஆகியவை சேர்த்து, நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் அரசே கலந்த செறிவூட்டிய அரிசி அது. ரத்த சோகைக்காகக் கலந்ததைப் பொறுக்கி எறிந்தால் நஷ்டம் யாருக்கு?

சங்கடி இருக்கச் சங்கடம் ஏன்?

மிச்சமாகும் அரிசிக் காசை எதில் போடுவது? சித்தூர், திருப்பதி வட்டாரத்து ஏழைகள் இதற்குப் பல காலத்துக்கு முன்பே விடை கண்டுவிட்டார்கள். அதன் பெயர் ராகி சங்கடி. அரிசியைக் குழைய வேகவைத்து, அதில் கேழ்வரகு மாவைக் கொட்டிக் கிளறி உருட்டுவது. தமிழர்களின் களிக்கு அது உடன்பிறப்பு. நூறு கிராம் அரிசியில் சுண்ணாம்புச் சத்து 10 மில்லிகிராம். நூறு கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம். பால் வாங்க முடியாத வீட்டுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. இலவச அரிசியோடு கொஞ்சம் ராகி மாவு சேர்ந்தால் குறைகிற மூன்றில் ஒரு பங்கும் நிரம்பிவிடும்.

ஆனால் வெள்ளைச் சோறு கௌரவம், களி ஏழ்மை என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கிற தமிழர், மற்ற பதினொரு மாதம் அதைத் தம் வீட்டு அடுப்பில் ஏற்ற வெட்கப்படுகிறார். அதே ராகியைப் பெரிய ஊர் ஓட்டல்களில் பணக்காரர்கள் கூடுதல் விலை கொடுத்துச் சாப்பிடுகிறார்கள்!

சங்கடிக்குத் துணை நிலக்கடலைச் சட்னி. சித்தூர்ச் சீமை பேர்பெற்ற கடலைச் சீமை. நூறு கிராம் கடலையில் 25 கிராம் புரதம் இருக்கிறது. பூஞ்சை பிடித்த, கசக்கிற கடலையை மட்டும் தள்ளிவிட வேண்டும். அது கல்லீரலுக்குக் கேடு. துவரம் பருப்பு விலை ஏறினால் கொள்ளு இருக்கிறது. புரதத்தில் துவரைக்கு இளைத்ததல்ல. விலையில் பெரும்பாலும் குறைவு. முதல் நாள் இரவே ஊறவைத்தால் அடுப்புச் செலவும் மிச்சம். வேகவைத்த தண்ணீரில் ரசம், பருப்பில் சுண்டல் என்று ஒரே கொள்ளு இரண்டு வேலை செய்யும்.

கீரைக்குக் காசு அதிகம் வேண்டாம். முருங்கைக்கீரை பக்கத்து வீட்டு வேலியிலேயே கிடைக்கும். புளிச்சக்கீரையைப் பருப்போடு கடைவதற்குத் தெலுங்குப் பெண்களைக் கேட்டால் சொல்லிக் கொடுப்பார்கள். கீரையோ பருப்போ எதுவானாலும், இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தால் அதிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து சேராமல் போகும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.

டீ என்றதும் இன்னொரு கணக்கு. ஒரு டீயின் விலைக்கு ஒரு முட்டை வாங்கிவிடலாம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. சர்க்கரை போட்ட டீயில் சொல்லும்படி எதுவும் இல்லை. நாளுக்கு நாலு டீ குடிக்கிறவர் அதை இரண்டாக்கினால், முட்டை தினமும் கட்டுப்படியாகும். டீயையே விடச் சொல்வது உழைப்பவரின் கஷ்டம் அறியாதவர் பேச்சு. இரண்டைக் குறைப்பது நடக்கக் கூடியது. காலையில் பன்னுக்குப் பதிலாக, இரவில் தண்ணீர் ஊற்றிய பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும் இன்னும் சிக்கனம்.

ஒரே அறையில் நாலு பேர் தங்கியிருக்கும் இளைஞர்கள் தனித்தனியாக ஓட்டலுக்குப் போவதைவிட, ஒரு குக்கரும் ஒரு பொதுக் கணக்கு நோட்டும் வைத்துக்கொள்வது மேல். அரிசி அட்டையில் வரும். பருப்பும் எண்ணெயும் நாலாகப் பிரியும். சமையல் முறை வைத்துக்கொள்வதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை.

அரசுகள் செய்ய வேண்டியவை

இப்படிச் சிக்கனம் சொல்வதோடு நின்றுவிட்டால் அது பாதி நியாயம்தான். ஏழை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் சமைத்தாலும் பருப்பு விலை ஏறினால் தட்டு காலியாகும். இங்கே அரசுகளுக்கும் பொறுப்பு உண்டு.

தமிழ்நாடு அரசு தன் அட்டைதாரர்களுக்குப் பருப்பும் எண்ணெயும் மானிய விலையில் தர ஏற்கெனவே பணம் ஒதுக்குகிறது. அட்டைதாரர் ஆந்திரத்தில் அரிசி வாங்கினால் அது கணினியில் பதிவாகிறது. அந்தப் பதிவை வைத்தே அவருக்குச் சேர வேண்டிய பருப்பையும் இங்கே கொடுத்து, இரு அரசுகளும் பின்னர் கணக்குத் தீர்த்துக்கொள்வது முடியாத காரியமா? மாநில மானியம் மாநிலத்துக்குள் மட்டும்தான் என்று அதிகாரிகள் சொல்லலாம். ஊரில் குடும்பமே இல்லாமல் எல்லாரும் இங்கே வந்துவிட்ட வீட்டின் பருப்பை வாங்க அங்கே யாரும் இல்லை. அந்த மிச்சம் அரசின் கணக்கில்தான் நிற்கிறது. அதை உரியவருக்குக் கொடுப்பது புதிய செலவாகாது.

இரண்டாவது, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தானியம் என்பது அரிசி மட்டுமல்ல. ராகி போன்றவையும் அதில் அடங்கும். கர்நாடகத்தில் ரேஷனில் ராகி கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் 2023 மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி வழங்கத் தொடங்கினார்கள். ராகி சங்கடியின் தாய்நாட்டில் ராகி ரேஷன் கடையில் ஆண்டு முழுவதும் தடையில்லாமல் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, அங்கன்வாடி. கர்ப்பிணிகளுக்கும், பிள்ளை பெற்ற ஆறு மாதம் வரை தாய்மார்களுக்கும், ஆறு வயது வரை குழந்தைகளுக்கும் அங்கன்வாடி வழியாகச் சத்துணவு தர வேண்டும் என்கிறது சட்டம். இதற்கு ரேஷன் அட்டையின் நிறமோ மொழியோ தடையல்ல. வெளியூரிலிருந்து வந்த குடும்பங்களின் பெயரை அங்கன்வாடி ஊழியர்கள் தாமே தேடிப் பதிவு செய்ய வேண்டும். பெற்றோரும் தெலுங்கு தெரியவில்லை என்று தயங்காமல் போய்க் கேட்க வேண்டும். அரசுப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு மதிய உணவில் முட்டை உண்டு. 2023-ல் ராகிக் கஞ்சியும் சேர்க்கப்பட்டது. அதைப் பிள்ளை சாப்பிடுகிறதா என்று விசாரிப்பதும் பெற்றோர் கடமை.

பசிக்கு அரிசி என்பது 1980-களின் வெற்றி. அந்த அரிசி மாநில எல்லையைத் தாண்டி உழைப்பாளியின் பின்னாலேயே வரும் என்பது 2020-ன் வெற்றி. பருப்பும் அதே சாலையில் ஊத்துக்கோட்டையைத் தாண்டி வர வேண்டும். அதுவரை ராகியும் கொள்ளும் கடலையும் கீரையும் கைகொடுக்கும். கைகொடுக்கின்றன என்பதற்காக அரசுகள் கைகட்டி இருந்துவிடக் கூடாது.