தங்க இடமுண்டு, நுழைய?

சமூகம் பேசும் படங்களுக்கு ஓடிடி புது வாசலைத் திறந்துவிட்டது என்கிறார்கள். பாதிதான் உண்மை. ஓடிடி தருவது அவகாசம். வெள்ளிக்கிழமை தியேட்டருக்கு வரும் படத்தின் தலையெழுத்து ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் முடிவாகிவிடுகிறது. கூட்டம் இல்லையென்றால் திங்கள் முதல் காட்சிகள் குறையும். நட்சத்திரம் இல்லாமல், பார்த்தவர் சொல்லிப் பரவ வேண்டிய படம் இந்தக் கணக்கில் தப்புவது கடினம். கிரண் ராவின் 'லாபதா லேடீஸ்' 2024 மார்ச் 1 அன்று தியேட்டருக்கு வந்தது. ஆனால் அது வீட்டுக்கு வீடு பேச்சானது ஏப்ரல் கடைசியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த பிறகுதான்.

ஆனால் அவகாசம் கிடைக்க முதலில் உள்ளே விட வேண்டுமே. ஜியோ பேபியின் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' அந்தக் கதையைச் சொல்லும். பெரிய தளங்கள் மறுத்த நிலையில், 2021 ஜனவரியில் அது 'நீஸ்ட்ரீம்' என்ற சிறிய மலையாளத் தளத்தில் வெளியானது. அரைப்பது, நறுக்குவது, எச்சில் தட்டு எடுப்பது, கசியும் சிங்க்கோடு மல்லுக்கட்டுவது என்று ஒரே வேலை திரும்பத் திரும்ப வரும் படம் அது. அந்தச் சலிப்புதான் அதன் வாதம். தியேட்டர் இருட்டில் அதைப் பார்ப்பது வேறு. அதே வேலைகள் பாதியில் கிடக்கும் வீட்டில், கணவனும் மாமியாரும் பக்கத்து அறையில் இருக்கும்போது பார்ப்பது வேறு. படம் குறிவைத்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. பேச்சு கிளம்பிய பிறகு அமேசான் பிரைம் அதை வாங்கிக்கொண்டது. பின்னால் தமிழிலும் இந்தியிலும் ரீமேக் ஆனது. பார்வையாளர்களைத் தேடிக் கண்டுபிடித்தது படம். பெரிய தளம் வந்தது ஊர் ஒப்புக்கொண்ட பிறகு.

'ஜெய் பீம்' அப்படிக் காத்திருக்கவில்லையே என்று கேட்கலாம். 2021 நவம்பரில் அது நேராகப் பிரைமில் வந்தது. காவல் நிலையச் சித்திரவதையையும் இருளர் வாழ்வையும் பல மொழிகளில் கொண்டுபோனது. மறுக்க மாட்டேன். ஆனால் சூர்யா என்ற பெயர் அந்தக் கதவைத் தட்டியது. மதுரைப் பக்கத்து வறண்ட கிராமங்களில் புதுமுகங்களோடு எடுக்கப்பட்ட பி.எஸ்.வினோத்ராஜின் 'கூழாங்கல்' அதே ஆண்டு ரோட்டர்டாமில் டைகர் விருது வாங்கியது, இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையும் ஆனது. நம் ஊர் பார்வையாளர்கள் அதை சோனிலிவ்வில் பார்க்க 2023 அக்டோபர் வரை ஆயிற்று. அத்தனை பரிசுகளும் ஒரு நட்சத்திரத்துக்கு ஈடாகவில்லை.

தியேட்டருக்குத் தணிக்கை உண்டு, ஓடிடிக்கு இல்லை, அதனால் துணிச்சல் அதிகம் என்பது இன்னொரு வாதம். சட்டப்படி சரி: தளத்தில் வெளியிடத் தணிக்கைச் சான்று தேவையில்லை. நடப்பு வேறு. தணிக்கை வாரியம் சான்று கொடுத்து, தியேட்டர்களில் ஓடிய 'அன்னபூரணி' 2024 ஜனவரியில் புகார்கள் கிளம்பியதும் நெட்ஃபிளிக்ஸிலிருந்து மறைந்தது. காவல்துறையின் சாதி வெறியைக் காட்டும் சந்தியா சூரியின் 'சந்தோஷ்' இந்தியத் தியேட்டருக்கு வர முடியவில்லை. 2025 அக்டோபரில் ஒரு தளத்தில் வருவதாக அறிவித்தார்கள், அதுவும் நின்றது. வாரியம் வெட்டச் சொன்னால் காரணத்தை எழுதித்தர வேண்டும், நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். ஒரு தளம் 'வாங்கவில்லை' என்றால் யாரிடம் முறையிடுவது?

கேரள அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய 'சி ஸ்பேஸ்' தளத்தை இந்த இடத்தில் கவனிக்கலாம். பார்க்கும் படத்துக்கு மட்டும் கட்டணம்; எதைச் சேர்ப்பது என்பதைத் திரை, இலக்கியத் துறையினர் அடங்கிய குழு முடிவு செய்கிறது. அரசுத் தளம் அரசுக்குப் பிடிக்காத படத்தை எடுக்குமா என்ற சந்தேகம் நியாயமானது, எனக்கும் உண்டு. ஆனால் சட்டமன்றத்தில் அதைக் கேள்வியாகவாவது எழுப்பலாம். மும்பையிலோ கலிபோர்னியாவிலோ உட்கார்ந்து முடிவெடுப்பவரை அப்படிக் கேட்க முடியாது.