நுழைவுச் சீட்டு உண்டு. பிள்ளைக்குப் பால் கொடுக்க இடம் உண்டா?

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது எந்த முதலாளியும் மனம் இரங்கிக் கொடுத்த தானம் அல்ல. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் சொந்த வாழ்வு என்று உலகத் தொழிலாளி வர்க்கம் ரத்தம் சிந்திப் பெற்ற உரிமை அது. 1923 ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் தோழர் சிங்காரவேலர் மே தினக் கொடியை உயர்த்தியபோது அந்தக் கொடிக்குப் பின்னால் இருந்ததும் இந்தக் கோரிக்கைதான். விவசாயத் தொழிலாளிக்கோ இன்று வரையில் வேலை கிடைக்காத நாள்தான் ஓய்வு நாள்!

கிடைக்கிற அந்த ஒரு நாளையும் குடும்பத்தில் யார் அனுபவிக்கிறார்கள்? கைக்குழந்தைக்காரி அனுபவிக்கிறாளா? இதைத்தான் இந்த வாரம் கேட்க விரும்புகிறோம்.

காணும் பொங்கல் வந்தால் நம் ஜில்லா ஜனங்கள் சாத்தனூர் அணைப் பூங்காவுக்குத் திரளுகிறார்கள். கோடையில் ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் சர்க்கார் கோடை விழா நடத்தி வந்திருக்கிறது. போளூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் மலைப்பாதை. கரும்பு வெட்டுகிறவர்கள், நாற்று நடுகிறவர்கள், அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைக்கிறவர்கள், செய்யாறு சிப்காட்டில் செருப்புத் தைக்கும் பெண்கள் எல்லோரும் பஸ்ஸிலும் வேனிலும் நெருக்கியடித்துக்கொண்டு போகிறார்கள். பீமன் அருவியைப் பார்க்க வேண்டும், படகில் ஏற வேண்டும், பிள்ளைகளை ராட்டினத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பது அவர்களுடைய சின்ன ஆசை. அதற்குக் கூலியிலிருந்து காசு சேர்த்துச் சீட்டு வாங்குகிறார்கள். வண்டி நிறுத்தச் சீட்டு, நுழைவுச் சீட்டு, படகுச் சீட்டு, காமிராவுக்குச் சீட்டு! சீட்டு கிழிக்க எத்தனையோ கைகள் இருக்கின்றன. பசியெடுத்து அழுகிற மூன்று மாதக் குழந்தைக்கு அதன் தாய் எங்கே உட்கார்ந்து பால் கொடுப்பாள் என்று யோசிக்க ஒரு மூளை இல்லையா?

குழந்தையின் பசி மணி பார்க்காது

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும். அதாவது இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும், தண்ணீர் கூட, தேவையில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. அதற்குப் பிறகும் இரண்டு வயது வரை, அதற்கு மேலும், மற்ற ஆகாரத்தோடு தாய்ப்பாலும் கொடுக்கச் சொல்கிறது.

காலையில் கிளம்பி இருட்டிய பிறகு வீடு திரும்பும் ஒரு நாளில் எத்தனை முறை பால் கொடுக்க வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கொடுக்காமல் அடக்கி வைத்தால் குழந்தை மட்டுமா வாடுகிறது? தாய்க்குப் பால் கட்டிக்கொள்கிறது, மார்பு கல்லாகிறது, காய்ச்சல் வருகிறது. மறுநாள் கூலி போகிறது.

ஆகவே நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? கழிவறை வாசலில் ஒதுங்குகிறார்கள். நின்றுகொண்டிருக்கும் வேனுக்குள் வெந்துகொண்டே பால் கொடுக்கிறார்கள். நாற்றுநடும் கையால் முந்தானையை இழுத்துப் பிடித்தபடி, புதருக்குப் பின்னால், போகிற வருகிறவன் பார்வைக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார்கள். புல்தரையில் உட்கார்ந்தால் காவலாளி வருகிறான்: “இங்கெல்லாம் உட்காரக் கூடாதும்மா, அந்தப் பக்கம் போ!” அந்தப் பக்கம் என்றால் எந்தப் பக்கம்? அவனுக்கும் தெரியாது. அவனும் கூலிக்கு நிற்பவன்தான்; அவன் மீது நமக்குக் கோபமில்லை. அவனை அப்படிச் சொல்ல வைக்கும் நிர்வாகத்தைத்தான் கேட்கிறோம்.

இந்தத் தொல்லைக்குப் பயந்து எத்தனையோ தாய்மார் “நீங்கள் போய் வாருங்கள், நான் பிள்ளையோடு வீட்டில் இருக்கிறேன்” என்று சொல்லிவிடுகிறார்கள். ஊரே மலைக்குப் போகிறது. அவள் மட்டும் அடுப்படியில்! இன்னும் சிலர் புட்டிப்பாலைத் தேடுகிறார்கள். மாவை நீர்க்கக் கரைத்து, கழுவ நல்ல தண்ணீர் இல்லாத இடத்தில் புட்டியை நிரப்பினால் என்ன ஆகும்? வயிற்றுப் போக்குதான். பால்மாவு விளம்பரத்தைத் தடுக்க 1992 இல் மத்திய சர்க்கார் ஒரு சட்டமே போட வேண்டி வந்தது. தாய் உட்கார ஒரு பெஞ்சு இல்லையென்றால், அந்தச் சட்டம் காகிதத்தில் தடுத்ததை நடைமுறை மறுபடியும் உள்ளே கொண்டுவந்து விடுகிறது.

2019–21 இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 55 குழந்தைகள்தான் தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்கின்றன. எதிலும் முதலிடம் என்று பறை சாற்றிக்கொள்ளும் ராஜ்யத்தின் நிலைமை இது.

வெட்கம் யாருக்கு?

“பொது இடத்தில் பால் கொடுப்பது நம் பண்பாடா?” என்று முணுமுணுக்கும் கனவான்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் சரித்திரத்தைப் பேசுவோம்.

தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்று உத்தரவிட்டது யார்? உயர்சாதிப் பண்பாடு! ஆண்டுக்கணக்காக அடியும் உதையும் பட்டு அந்தப் பெண்கள் போராடினார்கள். 1859 இல்தான் அரசு இறங்கி வந்தது. உழைக்கும் பெண் மூடினால் குற்றம் என்று சொன்ன அதே ஆதிக்கம், இன்று அவள் பிள்ளைக்காகத் திறந்தால் குற்றம் என்கிறது. மூடவும் திறக்கவும் உத்தரவிட இவர்கள் யார்?

நம் வயற்காட்டைப் பாருங்கள். வரப்போரத்துப் புளியமரத்தில் ஏணை கட்டி, நடவின் நடுவே கரையேறித் தாய் பால் கொடுக்கிறாள். யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. யாருக்கும் அது அதிசயமில்லை. அந்தக் கரையேறும் உரிமைகூடச் சும்மா வந்ததல்ல. கீழத் தஞ்சையின் பண்ணைகளில் பிள்ளை வீறிட்டாலும் காரியக்காரன் கண்ணசைக்காமல் தாய் கரையேற முடியாத காலம் இருந்ததை மூத்த தோழர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1943 இல் தோழர் சீனிவாசராவ் அங்கே போய் விவசாயிகளைச் சங்கத்தில் திரட்டிய பிறகுதான் முதுகுகள் நிமிர்ந்தன.

பட்டணத்து நாகரிகமோ இன்னும் பின்னால் நிற்கிறது. 2018 இல் கொல்கத்தாவின் பெரிய வணிக வளாகம் ஒன்றில் ஒரு தாய் பால் கொடுக்க இடம் கேட்டாள். வீட்டு வேலைகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்கிற தோரணையில் அவளுக்குப் பதில் வந்தது. நாடு முழுவதும் காறித் துப்பிய பிறகே மன்னிப்பு வந்தது. பால் கொடுப்பது வீட்டு வேலையாம்! பாத்திரம் கழுவுவதைப் போலத் தள்ளிப் போடலாமாம்!

சட்டம் என்ன சொல்கிறது?

சோவியத் நாட்டின் 1922 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பாலூட்டும் தாய்க்கு மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறையேனும், அரை மணிக்குக் குறையாமல், இடைவேளை தரச் சொன்னது. 1919 இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு தினம் இரண்டு அரை மணி என்று தீர்மானித்தது. நம் நாட்டில் 1961 ஆம் ஆண்டின் பேறுகாலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும் வரை தினம் இரண்டு இடைவேளை தந்தது. 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த விதி நிற்கிறது. வேலைத் தலத்தில் கொஞ்சமாவது எழுத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வயலில் வேலை செய்கிறவளுக்கு அதுவும் இல்லை.

பொது இடத்தைப் பொறுத்த மட்டில், தமிழ்நாட்டில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2015 ஆகஸ்டில் பஸ் நிலையங்கள் முதலான 352 இடங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. யார் செய்தாலும் நல்லதை நல்லது என்போம். ஆனால் திறப்பு விழா முடிந்த பின்? துடைப்பமும் உடைந்த நாற்காலியும் போட்டுப் பூட்டிய அறைகளை நாம் பார்த்திருக்கிறோம். சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுகிறார். பூட்டிய அறை இல்லாத அறைதான்.

2024 பிப்ரவரியில், பொதுக் கட்டிடங்களில் பாலூட்டும் இடம் அமையுங்கள் என்று மத்திய சர்க்கார் ராஜ்யங்களுக்கு ஓலை அனுப்பியது. 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தாய்க்கு அந்தரங்கமும் குழந்தைக்குப் பாலும் அரசியல் சட்டம் தரும் உரிமையோடு சேர்ந்தவை என்று கூறி, அந்த ஓலையை அமல் நடத்தச் சொன்னது. பொது இடத்தில் பால் கொடுப்பதை இழிவாகப் பார்க்காமலிருப்பது குடிமக்களின் கடமை என்றும் நினைவூட்டியது. சட்டமும் தீர்ப்பும் நம் பக்கம் பேசிவிட்டன. பெஞ்சு போடத்தான் ஆள் இல்லை!

“இதெல்லாம் ஒரு பிரச்னையா?”

நம் தோழர்களிலேயே சிலர் கேட்கக்கூடும்: “கூலி உயர்வு இருக்கிறது, மனைப் பட்டா இருக்கிறது, ஆலையில் ஆட்குறைப்பு இருக்கிறது. வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் பால் கொடுக்க இடம் கேட்பதற்கா பத்திரிகையில் பக்கம்?”

தோழர்களே, வேடிக்கை பார்ப்பது பணக்காரனுக்கு மட்டும் எழுதி வைத்ததா? 1958 இல் கட்டி முடிந்த சாத்தனூர் அணை உழைப்பாளியின் கையால் எழுந்தது. அதன் பூங்காவில் நிம்மதியாக ஒரு பகல் உட்காருவது உழைப்பாளியின் மனைவிக்கும் மகளுக்கும் உரிமை. தவிர, கோடை விழாவுக்குப் போவது கீழ்நாட்டு ஜனங்கள் மட்டுமல்ல. இடுப்பில் பிள்ளையோடு தேனும் சாமையும் விற்க வரும் மலைவாழ் பெண்ணும் இருக்கிறாள். பூங்காவைப் பெருக்குகிறவளும் ஒரு தாயாக இருக்கலாம். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த இடம்.

பணமில்லை என்ற பேச்சும் வேண்டாம். பெரிய மனிதர்களுக்கு மேடையும் மின்விசிறியும் மெத்தை நாற்காலியும் போட வழி இருக்கிறது. தாய்க்குத் தேவை பத்தடிக்குப் பத்தடி இடம். விழாத் திடலில் தட்டி வைத்து மறைத்த ஓர் ஓலைக் கொட்டகை போதும்!

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. பால் கொடுப்பதுதான் அவளால் மட்டும் முடிந்தது. தண்ணீர் கொண்டுவருவது, மூத்த பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வது, அவசரப்படுத்தாமல் காத்திருப்பது, இதெல்லாம் உங்களால் முடியும். கூட்டத்தில் பெண் விடுதலை பேசிவிட்டு, அருவிக் கரையில் “சீக்கிரம் வா” என்று கத்தக் கூடாது.

நம் கோரிக்கைகள்

ஒன்று: சீட்டு விற்கிற எந்தப் பூங்காவானாலும், அருவியானாலும், பொருட்காட்சியானாலும், சர்க்காருடையதோ தனியாருடையதோ, பாலூட்டும் அறை இருக்க வேண்டும். இருக்கிற இடத்தில் திறந்து வை. இல்லாத இடத்தில் கட்டு. தனியாருக்கு உரிமம் கொடுக்கும்போதே இதை நிபந்தனையாக்கு.

இரண்டு: அறை கழிவறையோடு ஒட்டியதாக இருக்கக் கூடாது. சாய்ந்து உட்கார பெஞ்சு, உள்தாழ்ப்பாள், விளக்கு, காற்றாடி, குடிதண்ணீர், கைகழுவ இடம் வேண்டும். எழுத்துத் தெரியாதவரும் அடையாளம் காணப் படம் போட்ட பலகை வாசலிலேயே வேண்டும். சாவி வேண்டாம், பகல் முழுக்கத் திறந்திருக்கட்டும். ஒரு பெண் ஊழியரை நியமித்து, அவருக்குச் சட்டப்படியான கூலி கொடு.

மூன்று: கட்டணம் ஒரு காசுகூடக் கூடாது.

நான்கு: அறை ஒரு வசதியே தவிர வேலி அல்ல. மரத்தடியில் உட்கார்ந்து பால் கொடுக்க விரும்புகிற தாயை “அறைக்குப் போ” என்று விரட்டும் அதிகாரம் யாருக்கும் இல்லை என்று அறிவிப்புப் பலகை வை.

ஐந்து: அங்கே வேலை செய்யும் தாய்மாருக்குக் கூலி பிடிக்காத பாலூட்டும் இடைவேளை கொடு.

மாதர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஆலைத் தொழிற்சங்கங்களும் இந்த ஐந்தையும் தீர்மானமாக்கிக் கலெக்டருக்கும் ஊராட்சி ஒன்றியங்களுக்கும் அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது. அடுத்த விழாவுக்கு முன் நான்கு பெண்களாகப் போய், அறை எங்கே என்று கேட்டு, கதவைத் தள்ளிப் பார்க்க வேண்டும். திறந்தால் நல்லது. திறக்காவிட்டால், திறக்க வைக்க நமக்குத் தெரியும்!